தரையில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்தவர்

எல்லோரும் என் முகத்தைப் பார்த்து நலம் கேட்டார்கள். ஒரு செவிலியர் மட்டும் தரையில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்தார்.

தாம்பரத்துக்கு அருகே, மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தில் இருந்தது அந்த மருத்துவமனை. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் வலப்பக்க நுரையீரலின் உச்சியில் சிறு சிறு காற்றுக் கொப்புளங்கள் இருந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. உயரமாக, ஒல்லியாக வளரும் இளைஞர்களுக்கு இப்படி நேர்வதுண்டு என்றார்கள். கொப்புளங்களை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். தைத்த இடம் மூடிக்கொள்ள மறுத்தது. மூச்சு விடுந்தோறும் அங்கே காற்று கசிந்தது. விலா எலும்புகளுக்கு இடையே செருகப்பட்டிருந்த குழாயின் வழியாக அந்தக் காற்று இறங்கி, கட்டிலடியில் வைத்த சீசாவின் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக வெளியேறியது. குமிழி நின்றால் குழாயை எடுப்பார்கள். குழாயை எடுத்தால் குரோம்பேட்டைக்கு, என் வீட்டுக்கு, என் மேடைகளுக்குத் திரும்பலாம்.

சீசா எப்போதும் நெஞ்சைவிடத் தாழ்வாக இருந்தாக வேண்டும். ஆகவே அதன் இடம் தரை. மருத்துவர்கள் நின்றபடியே கழுத்தைச் சாய்த்து அதைப் பார்ப்பார்கள். மற்றச் செவிலியர்கள் குனிந்து பார்ப்பார்கள். அவரோ ஒரு ரப்பர் விரிப்பை மடித்துப் போட்டு, என் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, சம்மணமிட்டு அமர்வார். கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை முதுகைத் தாழ்த்துவார்.

"இருமுங்க."

இருமுவேன்.

"இன்னொரு தடவ. ம். இப்ப சாதாரணமா மூச்சு விடுங்க."

அதன்பின் நெடுநேரம் பேச்சிருக்காது. கட்டிலின் மேலிருந்து பார்த்தால் அவருடைய வகிடு மட்டும் தெரியும். வலி மருந்தின் மயக்கத்தில், நான் ஏதோ ஒரு படகில் கிடப்பதாகவும், படகுக்குக் கீழே ஒருவர் அமர்ந்து கடலை எண்ணிக்கொண்டிருப்பதாகவும் தோன்றும். விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தொலைவில் வண்டுகள்போல் முனகும். மின்சார ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போகும். அவர் எழுந்து போய்விட்டதைக்கூட அறியாமல் உறங்கியிருப்பேன்.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு மீனு குட்டி போட்டுச்சா?" என்று மற்றச் செவிலியர்கள் கேலி செய்வார்கள். அந்த வார்டில் அவருக்கு 'மீன்தொட்டி சிஸ்டர்' என்று பெயர்.

"மீனு இல்ல. ஆறு குமிழி," என்பார் அவர், சிரிக்காமல். அதற்கே அவர்கள் இன்னொரு முறை சிரிப்பார்கள்.

தாம் கண்டதை மட்டுமே அவர் சொல்வார். அவரிடம் நான் கண்ட குணம் இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதன் கிளைகள். காணாத எதையும், அது எவ்வளவு இனிப்பானதாக இருந்தாலும், அவர் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியாது. என் தாயார் முயன்று தோற்றார்.

"சிஸ்டர், என் பையனுக்கு சரியாயிடும்ல?"

"நேத்து இருமினப்ப ஒம்பது, பத்து வந்துச்சும்மா. இன்னிக்கு ஆறு."

"அதில்ல சிஸ்டர். சரியாயிடும்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"நாளைக்கு எத்தனை வருதுன்னு நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேம்மா."

அம்மா வராந்தாவுக்குப் போய்ப் பொருமினார். "அந்தப் பொண்ணு வாய்ல நல்ல வார்த்தையே வராதா? காசா பணமா?" ஆனால் நான்காம் நாளில் ஒரு மாறுதலைக் கவனித்தேன். பெரிய டாக்டர் என் தோளைத் தட்டி, "எல்லாம் நல்லா போயிட்டிருக்கு" என்று சொல்லிச் சென்றபோது அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வாசலில் நின்று, அந்தச் செவிலியர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர். சீழ் கட்டிய நெஞ்சைத் திறந்து சுத்தம் செய்திருந்தார்கள். அவருக்கும் என்னைப் போலவே குழாய், சீசா. இரண்டு நாளாக மனைவி வரவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், எங்க வூட்டுக்காரி வந்தாளா?"

"நான் பாக்கலண்ணா."

"கீய வந்துகினு கீறான்னு ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா? மன்சு ஆறும்ல?"

"இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்."

அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கச் சொன்னார்: "இல்லண்ணா. கேட்லயும் இல்ல, கேன்டீன்லயும் இல்ல."

ஆட்டோக்காரர் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லைன்னு சொல்றதுக்கு மூணு மாடி எறங்கி ஏறுதே தம்பி, இத்த இன்னான்னு சொல்றது?" என்றார். மனைவி மறுநாள் வந்தார்.

அந்தச் செவிலியர் அயர்லாந்துக்குப் போகவிருந்த செய்தியை எனக்குச் சொன்னவரும் ஆட்டோக்காரர்தான். ஆங்கிலத் தேர்வை மூன்றாவது முறை எழுதித் தேறியிருந்தாராம். அங்கே ஒரு மருத்துவமனை அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இங்கே எட்டு ஆண்டுகள் பார்த்த வேலைக்கு, குறை எதுவும் எழுதப்படாத ஒரு பணிச்சான்றிதழ் வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. "ஒரே ஒரு மெமோ இருந்தாக்கூட அவ்ளோதானாம், பைலு திரும்பி வந்துருமாம்," என்றார். நான் அதைக் காதில் வாங்கினேன். மனத்தில் வாங்கவில்லை. என் மனம் முழுவதும் வேறொன்று இருந்தது.

பத்து நாளில் கல்லூரிகளுக்கிடையேயான சொற்போர் இறுதிச் சுற்று. எங்கள் அணியின் முடிவுரை என்னுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து மேடையேறி வருபவன் நான். ஒலிவாங்கி பழுதானாலும் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுசெல்லும் பயிற்சி பெற்றவன். இதை அறிந்த ஆட்டோக்காரர் ஒரு மாலை என்னைத் தூண்டினார்.

"இன்னாவோ பேச்சாளர்ன்ற. எத்தயாவது எட்த்து வுடேன், கேப்போம். சும்மா பட்துகினு கெடக்குறது பேஜாரா கீது."

தலையணையில் சாய்ந்தபடியே தொடங்கினேன். நுரையீரலே அரைகுறையாக இருந்தபோதிலும் மூச்சின் பெருமை பற்றித்தான் பேசினேன். வார்டே அடங்கிக் கேட்டது. துடைப்பத்தோடு நின்ற அம்மாள் கைதட்டினார். எதிர்க்கட்டிலிலிருந்து ஒருவர் "பலே" என்றார். கைதட்டல் ஓய்ந்த அமைதியில், கட்டிலடியிலிருந்து அவர் குரல் வந்தது. எப்போது வந்து அமர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

"பேசும்போது ஜாஸ்தியா வருது. பேசாம இருந்தா நாலு. இப்ப எண்ணவே முடியல."

ஆட்டோக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா தம்பி, உன் பேச்சு பூரா கீயதான் போவுதாம்!"

நானும் சிரித்ததாகப் பேர். பரிசுக் கோப்பைகளால் அளக்கப்பட்டு வந்த என் பேச்சைக் குமிழிகளால் அளந்தவர் அவர் ஒருவரே. அன்று எனக்குள் ஏறிய வெறுப்பை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ஏழாம் நாள் காலை அந்தத் தவறைச் செய்தேன்.

எட்டரை மணிக்கு இளம் மருத்துவர் வருவார். குமிழி இல்லையென்றால் பெரிய டாக்டரிடம் சொல்வார். மறுநாளே குழாயை எடுத்துவிடலாம். இந்த ஒழுங்கு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. சொற்போரில் எதிரணியின் ஓட்டையை வெளியே தெரியாமல் அடைப்பது எப்படி என்று பழகியவன் அல்லவா? போர்வைக்குள் கையை விட்டேன். குழாயை இரண்டாக மடித்தேன். மடிப்பின்மேல் தொடையை வைத்து அழுத்திப் படுத்துக்கொண்டேன்.

இளம் மருத்துவர் வந்தார், இருமச் சொன்னார், கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு குமிழியும் இல்லை. "வெரி குட்! பத்து மணிக்கு சீஃப் வந்து பாக்கட்டும்," என்று மகிழ்ந்து போனார். சீஃப் வரும்வரை அப்படியே கிடப்பது என்று முடிவு செய்தேன். ஆட்டோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

வெளியேற வழியில்லாத காற்று வேறு வழி தேடும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நெஞ்சு மெல்ல இறுகியது. பிறகு கழுத்துப் பக்கம் ஏதோ இதமாக, மிக இதமாக உப்பியது. தொட்டபோது தோலுக்கு அடியில் பொரி நொறுங்குவதுபோல் இருந்தது. பயத்தைவிட வியப்பே முந்தியது. நான் மிதக்கப் போகிறேன் என்றும், இந்தக் கட்டிலோடு எழும்பி, சன்னலுக்கு வெளியே நின்ற வாகை மரங்களுக்கு மேலே போய்விடுவேன் என்றும் தோன்றியது.

ஒன்பதரை மணிக்கு அவர் வந்தார். அந்தக் காலை வார்டின் மறுகோடியில் ஒரு கட்டிலுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். அதை விட்டு நகர முடியாத வேலை. விரிப்பைப் போட்டார். அமர்ந்தார். இருமச் சொல்லவில்லை.

"தண்ணி ஆடல," என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நல்ல குழாயில் கசிவு நின்று குமிழி நின்றாலும் தண்ணீர் ஓயாது. ஒவ்வொரு மூச்சுக்கும் குழாய்க்குள் சற்றே ஏறும், சற்றே இறங்கும். என் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றிருந்தது. நின்று பார்த்தவர்களுக்குக் குமிழி இல்லாதது மட்டும் தெரிந்தது. அமர்ந்து பார்த்தவருக்கு அசைவில்லாதது தெரிந்தது.

எழுந்து போர்வையை விலக்கினார். தொடையை நகர்த்தி மடிப்பை எடுத்துவிட்டார். சீசாவுக்குள் தண்ணீர் கொந்தளித்தது. அதன்பின் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். என் கழுத்தைத் தொட்டார். டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ஆபத்து நீங்கியபின் விசாரணை. பெரிய டாக்டர் என் கட்டிலருகிலேயே கேட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"டியூப் தொடைக்கு அடியில மடிஞ்சிருந்தது சார். தண்ணி ஆடல. எடுத்துவிட்டேன்."

"தானா மடிஞ்சுதா, யாராவது மடிச்சாங்களா?"

"மடிச்சத நான் பாக்கல சார். மடிஞ்சிருந்ததத்தான் பாத்தேன்."

"ஒரு மணி நேரமா மடிஞ்சு கெடந்திருக்கு, யாரும் கவனிக்கல. அதானே இதுக்கு அர்த்தம்?" டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்கு ஏதாவது தெரியுமா?"

வாயைத் திறந்தேன். கழுத்தில் நிறைந்த காற்று என் குரலைப் பிழிந்து, மூக்கால் பேசும் பொம்மையின் குரலாக்கியிருந்தது. 'நான்' என்ற சொல் பாதி வந்தது. அந்தக் குரலைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது. வாயை மூடினேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

செவிலியர் அதைப் பார்த்தார். என் மடிப்பைப் பார்க்காதவர் என் தலையாட்டலைப் பார்த்தார். மாலைக்குள், கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ வந்தது.

"பாத்தினு இருந்தேன் தம்பி," என்றார் ஆட்டோக்காரர், கூரையைப் பார்த்தபடி. "நீ மட்ச்சத நான் பாத்தினுதான் இருந்தேன்."

நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். உன் வாய்க்கு நான் இன்னாத்துக்கு வாடகைக்கு வரணும்? ஊரே கேக்குற மாரி பேசுற வாய்தானே அது?"

இரண்டு நாள் கழிந்தது. கழுத்து வீக்கம் வடிந்துகொண்டிருந்தது, கசிவு நிற்கவில்லை. மறுபடி அறுப்பதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதே சூட்டோடு குழாய் வழியாக நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். அது உள்ளே போய் ஓட்டையின்மேல் உறைந்து அடைக்கும் என்பது கணக்கு. ரத்தம் திரும்பி வராமலும், காற்று வெளியேறத் தடையில்லாமலும் இருக்கக் குழாயை மடக்காமல், ஒரு கம்பியின்மேல் உயரத் தூக்கி வளைத்துக் கட்டினார்கள். ரத்தம் எல்லா இடமும் பரவ, கால்மணிக்கு ஒருமுறை என்னைப் புரட்ட வேண்டும். புரட்டும் வேலை அந்தச் செவிலியருக்கு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகல் இரண்டு மணிக்கே வார்டு சாம்பல் நிறமாகியது. "இப்ப இடது பக்கம்," என்பார். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். நான் திரும்புவேன். எனக்குள் என் ரத்தமே வெதுவெதுப்பாக, இடம் தேடி, மெல்ல வழிந்து செல்வதை உணர்ந்தேன்; அல்லது உணர்ந்ததாகக் கனவு கண்டேன். "இப்ப மல்லாக்க." மழை. "இப்ப வலது பக்கம்." மீண்டும் மழை. எத்தனை முறை புரண்டேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு புரட்டலிலும் அவர் முகம் ஒருமுறை என் முகத்துக்கு அருகே வந்து போனது. அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. வேலை மட்டும் இருந்தது.

ஒருமுறை அந்தப் பொம்மைக் குரலில் தொடங்கினேன். "சிஸ்டர், அன்னிக்கு..."

"பேசாதீங்க. பேசினா உள்ள அழுத்தம் கூடும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பகலில் என்னைப் பற்றி நான் அறிந்தவற்றுள் மிக இழிவானது அந்த நிம்மதி.

மறுநாள் மாலை அவர் அம்மாவிடம், "நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் வரலம்மா. தண்ணி நல்லா ஆடுது," என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் வீடு திரும்பினேன். சொற்போர் நான் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபார்வைக்குப் போனேன். குரல் முழுமையாகத் திரும்பியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஊர்ந்த நேரமெல்லாம் ஓர் உரையை மனத்துக்குள் கட்டினேன். முன்னுரை, தன்னிலை விளக்கம், குற்ற ஒப்புதல், மன்னிப்பு. பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "நுரையீரல் ஜம்முனு விரிஞ்சிருக்கு," என்றார். நான் உரையை நிகழ்த்தினேன். அவர் முகம் சிவந்தது. "உயிரே போயிருக்கும், தெரியுமா உனக்கு?" என்று அதட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, விடு. பொழச்சுக்கிட்டல்ல? அடுத்தவங்கள வரச் சொல்லு."

நெஞ்சு இலேசாகிவிட்டது. சொல்லிவிட்டேன் அல்லவா? அந்தச் செவிலியரிடமும் தெரிவிக்க வேண்டும் என்று தேடினேன். வார்டிலிருந்து அவரைப் புறநோயாளிகள் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். டோக்கன் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"சிஸ்டர், பெரிய டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான்தான் மடிச்சேன்னு."

"எப்ப?"

"இப்பதான்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல... சொன்னேன்."

"சொன்னது பைல்ல இருக்காது." இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார். "பதினெட்டாந்தேதி அயர்லாந்துக்குச் சான்றிதழ் அனுப்பணும். எழுதுங்க."

நின்றபடியே எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அவர் வாங்கி, குமிழியை எண்ணுவதுபோல் நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்தார். 'மன்னிக்க முடியாத' என்பதை அடித்தார். 'தன்னலமற்ற தாதியர் குலத்தின்' என்ற வரியை முழுதாக அடித்தார். 'இளமையின் அறியாமையால்' என்பதில் சற்று நின்று, அதையும் அடித்தார்.

"மணி எழுதல."

"எட்டரை."

"அத எழுதுங்க. எந்தக் கை, எப்படி மடிச்சீங்க, எவ்ளோ நேரம் வெச்சிருந்தீங்க. டாக்டர் கேட்டப்ப தலைய ஆட்டினீங்களே, அதையும். வேற தாள்ல."

இரண்டாம் தாளில் ஆறு வரிகள்தாம் வந்தன. என் வாழ்நாளில் நான் ஆக்கியவற்றுள் அலங்காரமே இல்லாதது அதுதான். கையெழுத்திட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு தலைமைச் செவிலியரான மேட்ரனின் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் அமர்ந்தேன். உள்ளிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. இருபது நிமிடம் ஆகியிருக்கும். இந்தத் தாள் காலம் கடந்து வந்திருந்தால் என்ன செய்வது என்று எண்ணினேன். செய்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. மேசைக்குத் திரும்பும் வழியில் எனக்கு முன்னால் நின்றார்.

"மெமோவ எடுத்துட்டாங்க," என்றார். "என் கண்ணு முன்னாலயே கிழிச்சாங்க."

அந்தச் சொற்களின் பின்னே ஒரு புன்னகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போவதா, நிற்பதா என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னும் எம்மேல கோபமா சிஸ்டர்?"

அவர் சற்று யோசித்தார். தமக்குள்ளே உண்மையாகவே பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

"ஆமா," என்றார். "கோபமாத்தான் இருக்கு."

பிறகு மேசைக்குப் போய் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். மூச்சு இரைக்க ஒருவர் மனைவியின் தோளைப் பற்றியபடி வந்துகொண்டிருந்தார். நான் எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.